எழுநூற்று இருபது அடி

கல்லை வைத்தாயிற்று, வைத்துவிட்டுத்தானே வண்டி ஏறினோம் என்று நல்லசிவம் தனக்குள் மூன்றாம் முறையாகச் சொல்லிக்கொண்டபோது, தென்மேற்கில் தரையும் வானமும் ஒட்டுகிற இடத்தில் ஒரு பழுப்புக் கோடு எழும்பியிருந்தது. மலை என்று நினைத்தான். இந்தச் சீமையில் ஏது மலை என்று அப்புறம் நினைத்தான். ஜெய்சல்மேரைத் தாண்டி அறுபது கிலோமீட்டர். எந்தப் பக்கம் திரும்பினாலும் சரளையும் மணலும் எருக்கஞ்செடியும்தான், அங்கொன்றும் இங்கொன்றுமாக வன்னிமரம். அந்த வெட்டவெளியில் போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்று, துளைபோடும் கோபுரத்தை மடக்கி முதுகில் படுக்கவைத்துக்கொண்டு நேற்று மாலையிலிருந்து நிற்கிறது. வண்டிக்குக் காவல் நல்லசிவம். மேனேஜர் துரைசாமியும் டிரைவரும் மற்ற ஆள்கள் நாலு பேரும் காலையிலேயே துளைக்கம்பிகள் ஏற்றும் ராடு லாரியை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய்விட்டார்கள். கம்ப்ரசர் ஓஸ் கிழிந்துவிட்டது, புதுசு வாங்கவேண்டும், டீசல் பிடிக்கவேண்டும், எல்லாரும் முடி வெட்டிக்கொள்ளவேண்டும். "நாங் கெடக்கறனுங், நீங்கெல்லாம் போய்ட்டு வாங்" என்று சொன்னது அவனேதான். ரிக் வண்டியில் டிரில்லர் என்றால் சும்மா இல்லை. லீவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன், பூமிக்கடியில் பாறை மாறுவதைக் கைநடுக்கத்திலேயே கண்டுபிடிக்கிறவன், மேனேஜரே நல்லசிவண்ணா என்று கூப்பிடுகிற ஆள். அவன் காவல் கிடக்கவேண்டிய அவசியமே இல்லை. ஆனால் டவுனுக்குப் போய் யாரைப் பார்க்கப்போகிறோம், யாருக்கு என்ன வாங்கப்போகிறோம் என்று யோசித்தபோது ஒன்றும் தோன்றவில்லை. வெட்டிக்கொள்ளத் தலையில் முடியும் அவ்வளவாக மிச்சமில்லை.

கல்லை வைத்தாயிற்று. இதில் என்ன சந்தேகம்? இருபத்துமூன்று வருஷமாகச் செய்கிற காரியம். நேற்று துளைபோட்டது இங்கிருந்து கிழக்கே மூன்று கிலோமீட்டரில், பூராராம் என்கிற ஆட்டுக்காரனின் குடியிருப்பில். குடியிருப்பு என்றால் மூன்று வட்டக் குடிசை, ஒரு பட்டி, அவ்வளவுதான். இரண்டு நாள் முக்கிமுக்கி எழுநூற்று இருபது அடி இறக்கினார்கள். வந்ததெல்லாம் புகை. வெள்ளைப் புகை, அப்புறம் சிவப்புப் புகை, அப்புறம் மறுபடியும் வெள்ளை. ஈரமாக ஒரு கைப்பிடிச் சேறுகூட மேலே வரவில்லை. குழி பொய்த்துப்போனால் ரிக்காரர்கள் மண் சரியாமலிருக்க மேல்பகுதியில் இறக்கிய கேசிங் பைப்பைப் பிடுங்கி லாரியில் போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். அடுத்த குழிக்கு ஆகுமே. பைப்பு போனபிறகு தரையில் பத்து இஞ்ச் அகலத்துக்கு ஒரு வாய் திறந்துகிடக்கும். பார்த்தால் பெரிதாகத் தெரியாது. அந்த வாயில் சாக்குமூட்டையைத் திணித்து, மேலே பலகைக்கல்லைப் புரட்டிப்போட்டு மூடுவது நல்லசிவத்தின் வேலை. வேறு யாரையும் விடமாட்டான். "நாந் தொறந்தத நாந்தேன் மூடோணும்" என்பான். அதனால் மற்றவர்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நல்லசிவண்ணன் வண்டி ஏறிவிட்டார் என்றால் குழி மூடியாயிற்று என்று அர்த்தம். நேற்றும் அவன் ஏறினான், வண்டி கிளம்பிற்று. அப்படியென்றால் மூடியிருக்கத்தான் வேண்டும். ஆனால் மத்தியானம் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டபோது, கல்லைத் தள்ளியதும் இரண்டு கையையும் தட்டிக்கொள்வோமே, நேற்று தட்டிக்கொண்டோமா என்று ஒரு கேள்வி எங்கிருந்தோ வந்து தொண்டையில் நின்றது. ரொட்டி இறங்கிவிட்டது, கேள்வி இறங்கவில்லை.

வேறு எந்தக் குழியாக இருந்தாலும் அவன் இவ்வளவு போட்டுக் குழப்பிக்கொள்ளமாட்டான். அந்தக் குடியிருப்பில் கேசர் இருக்கிறாள். பூராராமின் மகள், நாலு வயசு, மூக்கு எந்நேரமும் ஒழுகிக்கொண்டிருக்கும். இரண்டு நாளும் குழியைச் சுற்றியே வந்தாள். நல்லசிவம் குதிகாலால் மணலில் ஒரு கோடு இழுத்து, தனக்குத் தெரிந்த உடைந்த இந்தியில், இதைத் தாண்டினால் காதை அறுத்துவிடுவேன் என்று மிரட்டிவைத்திருந்தான். அவள் கோட்டுக்கு இந்தப்புறம் ஒரு கால், அந்தப்புறம் ஒரு கால் வைத்து நின்று அவன் முகத்தைப் பார்ப்பாள். அவன் கண்ணை உருட்டினால் சிரித்துக்கொண்டே ஓடுவாள், மறுநிமிஷம் திரும்பி வருவாள். அவளுடைய அம்மாவிடம் பேச்சே கிடையாது. ஆரஞ்சு நிறத் துணியை நெஞ்சுவரை இழுத்துவிட்டு முகத்தை மூடியிருப்பாள். அங்கே வீட்டுக்கு வந்த மருமகள்கள் அந்நிய ஆண்களுக்கு முகம் காட்டுவதில்லை, குரலும் காட்டுவதில்லை. ஏதாவது சொல்லவேண்டுமென்றால் குழந்தையின் காதில் சொல்லுவாள், குழந்தை வந்து ஒப்பிக்கும். "அம்மா கேக்குறா, டீ வேணுமான்னு." "அம்மா சொல்றா, பால் தீந்துபோச்சு, கறுப்பு டீதான்." குழி பொய்த்துவிட்டது என்று தெரிந்தபோதும் அப்படித்தான் கேசர் வந்து நின்றாள். "அம்மா கேக்குறா, இன்னும் கொஞ்சம் போனா வருமான்னு." வராது என்று நல்லசிவம் தலையை மட்டும் ஆட்டினான். அந்தக் குழந்தையையும் அந்த வாயையும் ஒரே இடத்தில் வைத்து நினைத்துப் பார்க்க மனசு மறுத்தது. மறுத்த மனசே மறுபடியும் மறுபடியும் அங்கேதான் போய் நின்றது.

துரைசாமிக்குப் போன் போட்டான். மணியே அடிக்கவில்லை. திரையில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. பழுப்புக் கோடு இதற்குள் சுவராகி, சுவர் உயர்ந்து, மேல்விளிம்பு பொங்கல்பானை நுரைபோலச் சுருண்டு சுருண்டு எழுந்துகொண்டிருந்தது. காற்று நின்றுபோயிற்று. இரண்டு மாதமாக வீசிவீசி உயிரை எடுத்த அந்த அனல்காற்று திடீரென்று நின்றதும் காது அடைத்தமாதிரி ஆகிவிட்டது. எங்கிருந்தோ ஈக்கள் கூட்டமாக வந்து கேபினுக்குள் புகுந்துகொண்டன. தூரத்தில் திரிந்த இரண்டு ஒட்டகங்கள் முதுகைச் சுவருக்குக் காட்டி உட்கார்ந்துவிட்டன. அவற்றுக்காவது ஒன்றுக்கு ஒன்று துணை என்று நினைத்தான், நினைத்ததும் வெட்கமாக இருந்தது. நாற்பத்தாறு வயதுக்காரன் ஒட்டகத்தைப் பார்த்துப் பொறாமைப்படுவதாவது. கண்ணாடியை ஏற்றினான். போனை நெஞ்சுப்பையில் போட்டான், எடுத்தான், கடைசியாகப் பேசிய நம்பரைப் பார்த்தான், ஊரில் இருக்கிற பெண்டாட்டியின் நம்பர். வசந்தாமணி. நேற்று மாலை ஐந்து நாற்பது. பேசியது இரண்டு நிமிஷம். அதை அப்படியே திருப்பிப் பையில் போட்டுவிட்டான். அந்த இரண்டு நிமிஷத்தைத் தொட இப்போது அவனுக்கு இஷ்டமில்லை.

புழுதி வந்து மோதியபோது வண்டி ஒரு சாண் நகர்ந்ததுபோல இருந்தது. இருபத்தைந்து டன் இரும்பு நகராது என்று தெரியும், இருந்தாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். வெளிச்சம் மஞ்சளாகி, பிறகு செம்பு நிறமாகி, பிறகு எரிந்த வெல்லப்பாகு நிறமாகிக் கண்ணாடிக்கு வெளியே உலகமே இல்லாமல் போயிற்று. கதவு ரப்பரில் இருந்த வெடிப்பு வழியாக மணல் பொடிப்பொடியாக உள்ளே வந்து தொடைமேல் சேர்ந்தது. பல்லைக் கடித்தால் நறநறத்தது. இப்போது கல்லை நினைத்துப் பார்ப்போம், நிதானமாக, ஆரம்பத்திலிருந்து. பைப்பைப் பிடுங்கினோம். கோபுரத்தை இறக்கினோம். பிறகு கல். கல் கனமாக இருந்தது, குனிந்து இரண்டு கையையும் அடியில் கொடுத்துத் தூக்கினோம், கை வழுக்கிற்று, கட்டைவிரல் நகம் நசுங்கிற்று, வலி உச்சிக்கு ஏறிற்று. ஆகா, இதோ இருக்கிறதே, இவ்வளவு தெளிவாக இருக்கிறதே! நிம்மதியில் சிரிக்கக்கூடச் சிரித்தான். கை ஏன் வழுக்கிற்று? பாசி. கல்லின் அடியில் பச்சைப்பாசி பிடித்திருந்தது. நல்லசிவத்தின் ஞாபகம் அந்த இடத்தில் அப்படியே நின்றுபோயிற்று. பாலைவனத்தில் ஏது பாசி? மூன்று வருஷமாகச் சொட்டு மழையில்லை என்று பூராராம் தலையில் அடித்துக்கொண்ட இடத்தில் பாசியாம் பாசி. அது ஹாசன் பக்கம் ஒரு காப்பித்தோட்டம், போன ஆவணி, மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தான். கறுத்து உதிர்ந்து, புது நகம் முழுசாக வளர்ந்தே ஆறு மாதமாயிற்று. ஆயிரக்கணக்கான குழி, ஆயிரக்கணக்கான கல், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கின்றன. எது எந்த ஊர்க் கல் என்று கைக்கு எப்படித் தெரியும்? கைக்குத் தெரிந்ததெல்லாம் தூக்குவது, புரட்டுவது, தட்டிக்கொள்வது. இந்த ஊர்க் கல்லைத் தேடினான். பூராராம் குடிசைச் சுவரில் சாத்திவைத்திருந்தது, மஞ்சள் நிறப் பலகைக்கல், அதை நோக்கி நடந்தது ஞாபகம் இருக்கிறது. நடந்துகொண்டிருந்தபோதுதான் நெஞ்சுப்பையில் போன் அடித்தது.

அங்கே சிக்னல் விட்டுவிட்டு வரும். வன்னிமரத்தடிக்குப் போய் நின்றால் கொஞ்சம் கேட்கும். போய் நின்றான். "ஏனுங்க, சாப்பிட்டீங்களா?" என்றாள் வசந்தாமணி. மாலை ஐந்தரை மணிக்கு யார் சாப்பிடுவார்கள்? பதினெட்டு வருஷமாக அவள் அதைத்தான் கேட்கிறாள், அவனும் ஆச்சு புள்ள என்றுதான் சொல்கிறான். "ஆடிக்கு வந்தர்லாம்னு பாக்கறே, ஒரு பத்து நா இருந்துட்டு" என்றான். அவளிடம் சொல்லவேண்டும் என்று நாலைந்து நாளாகவே வைத்திருந்த சேதி. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். போகவில்லை. "எதுக்குங்க அத்தனை தூரம் அலைஞ்சுட்டு" என்றாள் அப்புறம், நல்ல குரலில்தான், சண்டைக்குரலில் இல்லை. "சீசன்ல வந்தா நாலு குழி போயிருமில்லீங்க. பாப்பாவுக்கும் பரீச்ச வருது. உங்களுக்கும் அங்கதான பழகிப்போச்சு." அதில் ஒரு பொய் கிடையாது. தைக்குப் போனபோது பன்னிரண்டு நாள் இருந்தான். முதல் நாள் சோறு பத்தவில்லை; இரண்டு பேருக்கு உலை வைத்தே பழகிய கை, அவன் தட்டின்முன் உட்கார்ந்தபிறகுதான் அவளுக்கு உறைத்து, ஐயோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடியும் அடுப்பைப் பற்றவைத்தாள். மகள் நாலாம் நாளிலிருந்து படிக்கிற சாக்கில் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். பதினாறு வயசுப் பிள்ளை, வீட்டுக்குள் ஒரு ஆம்பிளை குறுக்கே நெடுக்கே நடந்தால் அவளுக்குக் கூச்சமாக இருந்திருக்கும். கம்ப்ரசர் சத்தம் இல்லாமல் அவனுக்கும் தூக்கம் வரவில்லை, மொட்டைமாடியில் போய்ப் படுத்தான். யார்மேலும் குற்றமில்லை. குற்றம் சொல்ல ஒரு ஆள் கிடைத்திருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "சரி புள்ள, பாக்கலாம்" என்று போனை வைத்துவிட்டு வன்னிமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம்? அப்புறம் நடந்தான். எங்கே? கல்லை நோக்கியா? இல்லை. துரைசாமி ஆரனை அடித்தான். நேராக வண்டியை நோக்கி நடந்தான், ஏறினான், கதவைச் சாத்தினான். கல் சுவரிலேயே சாய்ந்திருந்தது. அந்த மஞ்சள் கல்லை நேற்று அவன் தொடவே இல்லை.

தொட்டேன், தொட்டிருப்பேன் என்று கொஞ்சநேரம் மல்லுக்கட்டினான். மனசாட்சியின் முன்னால் வக்கீல் வைத்ததைப்போல வாதாடினான். வெளியே எதன்மீதோ எதுவோ மோதி உடைந்தது. குழி திறந்தே கிடந்திருந்தால் கேசரின் அம்மா பார்த்திருப்பாளே, சொல்லியிருப்பாளே, அவள் சந்தோஷமாகக் கையல்லவா ஆட்டினாள் என்று கடைசியாக ஒரு சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்தினான். அது அவன் நேற்றிலிருந்து பொத்திப்பொத்தி வைத்திருந்த விஷயம். வண்டி கிளம்பித் திரும்பும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தான். ஆரஞ்சுத் துணிக்காரி குடிசைக்கு வெளியே ஓடிவந்து நின்று வலது கையை உயரத் தூக்கி ஆட்டினாள். தண்ணீர் வந்த வீட்டில்கூட ரிக்காரனுக்கு யாரும் டாட்டா காட்டியதில்லை. பொய்த்துப்போன வீட்டில் ஒருத்தி, முகத்தைக்கூடக் காட்டாதவள், கைகாட்டி வழியனுப்புகிறாள்! நல்லசிவம் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, இரண்டு கையையும் ஆட்டினான். வசந்தாமணியின் பேச்சு நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அது அவனுக்கு எவ்வளவு பெரிய மருந்தாக இருந்தது என்று யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. வண்டிக் கூரைமேல் படுத்துக்கொண்டு அந்தக் கையை நினைத்தபடியே தூங்கிப்போனான். இப்போது, காற்று வண்டியைப் பிடித்து உலுக்க, அதே கையை மறுபடியும் பார்த்தான். உயர்ந்த கை. உள்ளங்கை கீழே பார்த்திருந்தது. விரல்கள் ஐந்தும் உள்பக்கமாக மடங்கி மடங்கி நிமிர்ந்தன. வழியனுப்புகிறவள் கையை அப்படியா ஆட்டுவாள்? வா, வா, திரும்பி வா என்று கூப்பிடுகிற கையல்லவா அது? குரல் எழுப்பக்கூடாத மருமகள் வேறு எப்படிக் கூப்பிடுவாள்?

முதல் சொட்டு கண்ணாடியில் விழுந்தபோது கல்லெறிந்ததுபோலச் சத்தம் கேட்டது. இரண்டாவது, மூன்றாவது, அப்புறம் எண்ண முடியவில்லை. புழுதி மழையோடு கலந்து கண்ணாடியில் சேறாக வழிந்தது, பிறகு சேறு கழுவிப்போய்ச் சாம்பல் நிறத்தில் உலகம் மறுபடியும் தெரிந்தது. மூன்று வருஷத்து மழை. கேசருக்கு நாலு வயசு. ஒரு வயசில் பார்த்த மழை ஞாபகத்தில் இருக்குமா? இருக்காது. அப்படியென்றால் வானத்திலிருந்து தண்ணீர் விழுவதை அந்தக் குழந்தை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். பார்த்தால் எந்தக் குழந்தை குடிசைக்குள் இருக்கும்? பூராராமும் மற்றக் குடிசை ஆண்களும் வேறு நேற்று குழி பொய்த்ததுமே ஆடுகளை ஓட்டிக்கொண்டு வடக்கே போய்விட்டிருந்தார்கள். நல்லசிவம் இழுத்த கோட்டைக் காற்று அழித்திருக்கும். இந்தச் சரளை தண்ணீரைக் குடிக்காது, அரைமணியில் தரையெங்கும் கணுக்கால் தண்ணீர் தகடுபோலப் பரந்து நிற்கும், குழி எங்கே என்று யாருக்கும் தெரியாது. கேசர் கையை விரித்துக்கொண்டு ஓடுகிறாள். ஒரு கால் இந்தப்புறம். நல்லசிவம் கதவைத் திறந்து குதித்தான். வண்டிச்சாவி டிரைவர் இடுப்பில், டவுனில் இருக்கிறது. வண்டியை யாராவது தூக்கிக்கொண்டு போனால் போகட்டும் என்று வாய்விட்டுச் சொன்னான். சொன்னது காற்றில் அவனுக்கே கேட்கவில்லை.

நேற்று வண்டி வந்த தடம் கரைந்துவிட்டிருந்தது. காற்றை வலத்தோளின் பின்புறம் வாங்கிக்கொண்டே போனால் கிழக்கு என்று ஒரு கணக்கு. ஓடினான், மூச்சு வாங்கிற்று, நடந்தான், மறுபடியும் ஓடினான். மின்னல் ஒவ்வொரு தடவை வெட்டும்போதும் அந்த வெளியில் நிமிர்ந்து நிற்கிற ஒரே பொருள் தான்தான் என்பது தெரிந்து தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டான். ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று. பள்ளமென்றே தெரியாத ஒரு இடத்தில் முழங்காலளவு செந்தண்ணீர் இரைச்சலோடு ஓடிக்கொண்டிருந்தது. காலை வைத்ததும் இழுத்தது, விழுந்தான், முள்செடி ஒன்றைப் பற்றி எழுந்தான். உள்ளங்கை எரிந்தது. எல்லாக் கடவுளையும் கூப்பிட்டான். மலைமேல் இருக்கிற செங்கோட்டு வேலவனிலிருந்து வீட்டுப்பக்கத்து முனியப்பன்வரை. கூப்பிடுவதற்கு நடுவே, இருபத்துமூன்று வருஷமாக ஊர் ஊராகக் குழி போடுகிற தான் எங்காவது ஒரு குழியடியில் செத்தால் யார் வந்து அழுவார்கள் என்றும், இல்லை இதுவல்ல இப்போது கவலை, குழந்தை, குழந்தை என்றும், பாசிக்கல், மஞ்சள்கல் என்றும் மாறி மாறி ஓடிற்று. நேற்று அழவேண்டும்போல இருந்தது, அழுதிருந்தால் குழியை மூடியிருப்போம் என்று ஒரு எண்ணம் வந்தது. அது எப்படி என்று யோசிக்க நேரமில்லை. தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அவனைத் தேட ஆளில்லை என்று துக்கப்பட்டுக்கொண்டு நின்ற அந்த இரண்டு நிமிஷத்துக்கு, யாரோ பெற்ற பிள்ளை விலை கொடுக்கவேண்டியிருக்குமோ என்ற பயம். வன்னிமரம் முதலில் தெரிந்தது, அப்புறம் குடிசைக் கூரைகள்.

ஏழெட்டுக் குழந்தைகள் துணியில்லாமல் ஆடிக்கொண்டிருந்தன. மற்ற இரண்டு குடிசைப் பிள்ளைகள். ஓடுவதும் வழுக்கி விழுவதும் வாயைத் திறந்து மழையைக் குடிப்பதுமாக ஒரே கூச்சல். அவற்றில் கேசர் யார் என்று தேடித்தேடிக் கண் பூத்துப்போயிற்று. ஒவ்வொரு தலையாக எண்ணினான், அவை நின்றால்தானே எண்ண முடியும். அப்போதுதான் அந்தக் கயிற்றுக்கட்டிலைப் பார்த்தான். குடிசையை விட்டு இருபதடி தள்ளி, கொட்டுகிற மழையில், வெட்டவெளியில் ஒரு கட்டில். அதன்மேல் கால்களை மடித்து, இரண்டு கையாலும் இரண்டு பக்கச் சட்டத்தையும் இறுகப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். ஆரஞ்சுத் துணி நனைந்து முகத்தோடு ஒட்டி மூக்கும் வாயும் அச்சாகத் தெரிந்தன. நல்லசிவம் கிட்டே போய்க் குனிந்து பார்த்தான். கட்டிலுக்கு அடியில் தண்ணீர் சுழன்று சுழன்று கொடகொடவென்று உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. வாய் இப்போது பத்து இஞ்ச் இல்லை, விளிம்பு கரைந்து முறத்தளவு ஆகியிருந்தது. கல்லைப் புரட்ட அவளால் ஆகியிருக்காது. கட்டிலைக் கொண்டுவந்து போட்டிருக்கிறாள். அந்தக் காற்றுக்கு வெறும் கட்டில் நிற்குமா, பறந்திருக்கும். அதனால் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். புழுதி அடித்தபோதும் அங்கேதான் இருந்திருக்கிறாள். ஒருபக்கம் துணி மடிப்பில் மணல் இன்னும் சேறாக அப்பிக்கிடந்தது. மூன்று வருஷம் காத்திருந்த மழையில் அந்தக் குடியிருப்பே ஆட, அவள் மட்டும் அசையாமல் ஒரு குழியை மூடிக்கொண்டிருந்தாள்.

முழங்காலில் ஏதோ வந்து மோதிற்று. குனிந்தான். கேசர். தலையிலிருந்து தண்ணீர் ஒழுக, மூக்கும் ஒழுக, அவனை அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். நல்லசிவம் அவளை வாரி எடுத்துத் தலையை, முதுகை, கால்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. மழையில் யாருக்குத் தெரியப்போகிறது என்று நன்றாகவே அழுதான். கட்டிலில் இருந்தவள் துணிக்குள்ளிருந்து என்னவோ முணுமுணுத்தாள். குழந்தை அவன் கையிலிருந்து வழுக்கி இறங்கி ஓடிப்போய்க் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அம்மா சொல்றா, நேத்து கையக் காட்டிக் காட்டிக் கூப்பிட்டாளாம்."

தெரியும் என்று நல்லசிவம் தலையை ஆட்டினான்.

"நீ சிரிச்சுட்டே போயிட்டியாம்."

அவன் சுவரில் சாய்ந்திருந்த மஞ்சள் கல்லைப் பார்த்தான். விளிம்பு இருக்கிற இருப்பில் இப்போது கல்லைக் கொண்டுவந்து போட்டால் கல்லே உள்ளே போய்விடும். மழை விட்டு, தண்ணீர் வடிந்து, மூட்டை மூட்டையாகச் சரளை அடைத்துத் திணித்தபிறகுதான் கல். அதுவரைக்கும் யாராவது உட்கார்ந்துதான் ஆகவேண்டும். நீ எழுந்துகொள், நான் இருக்கிறேன் என்று கையைக் காட்டினான். அவள் எழுந்திருக்கவில்லை. நம்பவில்லை என்று தெரிந்தது, அதில் தப்பும் இல்லை. நல்லசிவம் கட்டிலின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்து இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். கயிறு நனைந்து கனத்திருந்தது. கீழே எழுநூற்று இருபது அடிக்குத் தண்ணீர் விழுகிற சத்தம் அவன் தொடையெலும்புவரை அதிர்ந்தது. கொஞ்சநேரம் கழித்து அவள் மெல்ல ஒரு காலைத் தரையில் வைத்தாள், அப்புறம் மற்றதை. மரத்துப்போயிருந்த கால்கள், இரண்டு எட்டு தள்ளாடினாள். குழந்தை ஓடிப்போய்ப் பாவாடையைப் பிடித்துக்கொண்டது. பத்தடி போய் நின்றாள், அதற்குமேல் போகவில்லை. அவளுடைய இரண்டு கையும் முகத்துணிக்கு ஏறின, பாதியில் நின்றன. அவன் இருக்கிறானே.

நல்லசிவத்துக்கு அது புரிந்தது. குழியை விட்டு எழாமல், கட்டிலிலேயே உட்கார்ந்தவாக்கில் மறுபக்கம் திரும்பி, அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டான். அவனுக்கு எதிரே இப்போது சாம்பல்நிற வெளி மட்டும்தான். பின்னால் ஈரத்துணியை உதறும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சிரிப்பு கேட்டது, குழந்தையின் சிரிப்பு இல்லை அது. இரண்டு நாளில் அவன் கேட்காத குரல். அது எழுந்து, அடங்கி, மறுபடியும் எழுந்தது. தண்ணீரில் பாதங்கள் ஓடிவரும் சத்தம் கேட்டு, கேசர் மூச்சுவாங்க அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா கேக்குறா, போயிட மாட்டியேன்னு."

அவன் திரும்பாமலே இருந்தான். அந்தக் கேள்வியை அவனிடம் யாராவது கேட்டு எத்தனை வருஷமாயிற்று என்று எண்ணிப் பார்க்க முயன்று விட்டுவிட்டான். இந்தியில் சொல்லத்தான் வாயைத் திறந்தான், ஒரு வார்த்தையும் அகப்படவில்லை.

"நா எங்கீங் போறே" என்றான், தமிழிலேயே. "இங்கயேதே இருக்கறனுங்."

கேசர் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன புரிந்துகொண்டாளோ, திரும்பி மழைக்குள் ஓடி அம்மாவிடம் சொன்னாள்.